மத்திக்குச் சொந்தம் யார்?

பள்ளிகளில் பேசக் கூப்பிட்டால் கரும்பலகையில் மூன்று படம் வரைவேன். எனக்கு வரைய வராது, அதனால் பக்கத்திலேயே பெயரையும் எழுதிவிடுவேன்: அணில், திமிங்கலச் சுறா, மத்தி. "இந்த மூன்றில் எந்த இரண்டு நெருங்கிய சொந்தம்? யார் தூரத்து உறவு?" என்று கேட்பேன். ஆறாம் வகுப்பில் கேட்டாலும் ஆசிரியர் அறையில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சுறாவும் மத்தியும் சொந்தம், அணில் வெளியாள். இரண்டும் மீன், இரண்டுக்கும் செவுள், இரண்டுக்கும் துடுப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதில் தப்பு. மத்திக்கு நெருங்கிய சொந்தம் முருங்கை மரத்தில் ஏறி இறங்குகிற அந்த அணில்தான். வெளியாள், சுறா.

ஒரு முறை கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படின்னா நாங்க மத்திக் குழம்பு சாப்பிடறது சொந்தக்காரங்களைச் சாப்பிடற மாதிரியா சார்?" என்று கேட்டாள். "சுறாப் புட்டு சாப்பிட்டாலும் அப்படித்தாம்மா. கொஞ்சம் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்" என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் நான் சொன்னதற்கான ஆதாரம் எங்கள் இருவர் பேச்சிலேயே வந்துவிட்டது என்பதை அவள் கவனிக்கவில்லை. மத்தியை ஏன் குழம்பு வைக்கிறோம், சுறாவை ஏன் புட்டு செய்கிறோம்?

புட்டு செய்தவர்களுக்குத் தெரியும். பால் சுறாத் துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, விரலால் உதிர்த்தால் போதும். நடுவில் இருக்கிற தண்டை எடுத்துப் போட்டுவிட்டால் தொண்டையில் குத்துகிற சங்கதி ஒன்றும் இல்லை. மத்தியை இப்படி உதிர்த்துப் பாருங்கள்! மயிரிழை மயிரிழையாய் முள் வரும். மத்தியில் புட்டு செய்ய நினைப்பவருக்குப் பொறுமை மட்டும் போதாது, பூதக்கண்ணாடியும் வேண்டும்.

முள் என்று நாம் சொல்வது எலும்பு. சுறாவின் உடம்பில் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. நம் காது மடலையும் மூக்கு நுனியையும் வளைத்துப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படுகிற அதே சரக்கு. வலு வேண்டிய இடங்களில் அதன் மேல் சுண்ணாம்புச் சத்துச் சில்லுகளைப் பதித்து சுறா இறுக்கிக்கொள்கிறது. ஆனால் அணிலின் தொடையில் இருப்பது போன்ற, உள்ளே பஞ்சுபோல் துளைகள் கொண்ட எலும்பு அதற்குக் கிடையாது. மத்தியின் முள்ளும் அணிலின் தொடையெலும்பும் ஒரே பரம்பரைச் சொத்து. மத்தி, கெளுத்தி, தவளை, பல்லி, காகம், அணில், நாம் எல்லோரும் இந்தச் சொத்துக்கு வாரிசுகள். உயிரியலாளர் நம் எல்லோரையும் சேர்த்து எலும்பு மீன் கிளை என்றே சொல்வார். அணிலை மீன் என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள், கிளையின் பெயர் அப்படித்தான் அமைந்துவிட்டது.

சுறாக் கிளையும் இந்தக் கிளையும் பிரிந்தது சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன். 2022-ல் சீனாவின் தெற்குப் பகுதிப் பாறைகளிலிருந்து சூ மின் குழுவினர் வெளியிட்ட புதைபடிவங்களில், 43.9 கோடி ஆண்டு பழைய பற்களும் இருந்தன. தாடையும் பல்லும் அப்போதே கடலில் வந்துவிட்டன. அணிலின் மூதாதையும் மத்தியின் மூதாதையும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஒரே ஆளாக நீந்திக்கொண்டிருந்தார்கள்.

குருத்தெலும்பு பழசு, எலும்பு புதுசு. ஆகவே சுறா பழைய மாடல் என்று நான் படித்த பாடப்புத்தகத்தில் இருந்தது. கருவில் முதலில் குருத்தெலும்பு உண்டாகி, பிறகு எலும்பாக மாறுவதால் இப்படி நினைத்தார்கள். 2014-ல் சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷ் தலைமையிலான குழு, சுறாவின் பங்காளியான யானைச் சுறாவின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தது. எலும்பைச் சுண்ணாம்பால் இறுக்க உதவுகிற ஒரு மரபணுக் குடும்பம் அதில் இல்லவே இல்லை. பழைய பாடத்துக்குப் பலம் சேர்ந்தது போலத்தான் தோன்றியது. ஆனால் 2020-ல் மங்கோலியாவில் கிடைத்த மின்ஜினியா என்ற மீனின் மண்டையோட்டை மார்ட்டின் பிராஸோ குழு விவரித்தது. வயது 41 கோடி ஆண்டு. சுறாக் கிளையும் நம் கிளையும் பிரிவதற்கு முன்பே தனியே கிளைத்த பழங்குடியைச் சேர்ந்தது. அதன் மண்டைக்குள் பஞ்சுத் துளைகளோடு எலும்பு இருந்தது! அப்படியானால் சுறாவின் முன்னோருக்கும் எலும்பு இருந்து, பிறகு கைவிட்டிருக்கலாம். எலும்பைவிடக் குருத்தெலும்பு எடை குறைவு. காற்றுப்பை இல்லாமல் நீந்துகிற மீனுக்கு அது லாபம். சுறா பழைய மாடல் என்பதைவிட, தேவையில்லாத சாமானை இறக்கி வைத்துவிட்டுப் போன பயணி என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, அணிலையும் திமிங்கலச் சுறாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம்.

நம் வீட்டு மூவரி அணில் 100 கிராம் சொச்சம். திமிங்கலச் சுறா உலகிலேயே பெரிய மீன். 12 மீட்டர் வளர்வது சகஜம், 18 மீட்டரைத் தாண்டியதும் உண்டு. பெரிய சுறாவைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால் மறு தட்டில் ஒரு லட்சம் அணிலுக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்தான். ராமேஸ்வரத்து மரங்களில் அணில் ஓடுகிறது, மன்னார் வளைகுடாவில் சுறா வந்து போகிறது. சேது கட்டும்போது மணலில் புரண்டு உதறிய அணிலை ராமர் தடவிக்கொடுத்த கதை நமக்குத் தெரியும். அந்த விரல் தடம்தான் மூன்று கோடு. வட இந்தியாவில் இருக்கும் அணிலுக்கு ஐந்து கோடு. அங்கே ஐந்து விரலாலும் தடவினார் போலும். விலங்கியலில் அவை இரண்டு தனித்தனி இனங்கள்.

அணிலின் கோடு இனத்தைச் சொல்லும், சுறாவின் முதுகுப் புள்ளிகள் ஆளையே சொல்லும். ஒன்றின் புள்ளிக்கோலம் போல இன்னொன்றுக்கு அமைவதில்லை. வானத்து நட்சத்திரக் கூட்டங்களைப் படத்துக்குப் படம் ஒப்பிட்டுப் பார்க்க வானியலாளர்கள் வைத்திருந்த கணினி முறையை எடுத்து, 2005-ல் சுறாக்களை அடையாளம் காணப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உயிரோடு பிடிக்கவோ அடையாள வில்லை குத்தவோ வேண்டாம், ஒரு புகைப்படம் போதும்.

அறிவியல் பெயர்களிலும் ஒரு வேடிக்கை. அணிலுக்கு 1766-ல் லின்னேயஸ் கொடுத்த பெயரில் பனை இருக்கிறது. இன்றைய பேரினப் பெயரான ஃபுனாம்புலஸ் என்பதற்கு லத்தீனில் கயிற்றின் மேல் நடப்பவர் என்று பொருள். மின்கம்பியில் அது போவதைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார். திமிங்கலச் சுறாவுக்கு 1828-ல் கேப்டவுன் பக்கத்தில் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ராணுவ மருத்துவர் வைத்த பெயர் ரின்கோடான். அரம் போன்ற பல் என்று பொருள் வர வைக்கப்போய், அச்சில் எழுத்து மாறி, பலரும் பலவிதமாக எழுதி, 1984-ல்தான் இந்த எழுத்துக்கூட்டலே முடிவானது. இத்தனை பாடுபட்டு வைத்த பெயர் எதைக் குறிக்கிறது? அந்த மீன் பயன்படுத்தவே செய்யாத பல்லை.

அதன் வாயில் சுமார் 3000 பற்கள். ஒவ்வொன்றும் அரிசி மணிக்கும் சிறியது. கடிப்பதற்கு இல்லை, மெல்லுவதற்கும் இல்லை. கூனிப்பொடியும் மீன் முட்டையும் மிதக்கும் நீரை அள்ளி வடிகட்டித் தின்கிற மீனுக்குப் பல் எதற்கு? ஆனாலும் எல்லாச் சுறாவையும் போல, பழைய பல் விழ விழப் பின்வரிசையிலிருந்து புதுப் பல் முன்னால் நகர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. வேலையே இல்லாத அலுவலகத்தில் ஓய்வு பெறுபவர் இடத்துக்குத் தவறாமல் ஆள் நியமிப்பது போல.

அணிலுக்கு வேலை செய்யும் வெட்டுப்பல் நாலே நாலுதான், மேலே இரண்டு, கீழே இரண்டு. கொய்யாவும் புளியங்கொட்டையும் மாங்கொட்டையும் கொறித்துக் கொறித்து அவை தினமும் தேய்கின்றன. விழுந்தால் முளைக்காது. ஆகவே அணில் வேறு வழியைப் பிடித்தது. பல் வேரில் வளர்ச்சி நிற்பதே இல்லை. தேயத் தேய அடியிலிருந்து நகம்போல் நீண்டுகொண்டே வரும். பல்லின் முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மையான டென்டைன். பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் முனை எப்போதும் சரிவாக, தச்சரின் உளி போல, தானே கூராகிவிடும். அந்த எனாமலில் இரும்புச் சத்து சேர்வதால் வருவதுதான் அணில் பல்லின் ஆரஞ்சு மஞ்சள் நிறம். வெற்றிலைக் கறை அல்ல.

தேய்மானம் என்ற ஒரே தொல்லைக்கு ஒருவர் ஆயிரம் பல் மாற்றுகிறார், இன்னொருவர் ஒரே பல்லை ஆயுள் முழுதும் வளர்க்கிறார். நமக்கு வாய்த்தது இரண்டும் இல்லை. பால் பல் ஒரு செட், அதன் பின் ஒரு செட், பிறகு பல் மருத்துவர்.

சுறா பல்லை வாயோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. அதன் தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். அந்தக் காலத்துத் தச்சர்கள் மரம் இழைக்கச் சுறாத்தோலை வைத்திருந்தது இதனால்தான். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பல். உள்ளே கூழ், சுற்றி டென்டைன், மேலே எனாமல் போன்ற பூச்சு. ஜப்பானின் ஒகினாவாவில் திமிங்கலச் சுறாவை ஆராய்ந்தவர்கள் 2020-ல் ஒன்றைக் கண்டார்கள். இமை இல்லாத அதன் கண்விழியின் மேலும் இந்தப் பற்கள் ஆயிரக்கணக்கில் கவசமாய்ப் பதிந்திருந்தன. 'பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்' என்று நாம் சொல்வோம். இது பல்லை வைத்தே கண்ணைக் காக்கிறது.

இனி, இந்த அத்தியாயத்தை நான் எழுதியதே எதற்காகவோ அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சுறாவின் வாயைத் திறந்தால் மேல்தாடை ஒரு குருத்தெலும்பு வில், கீழ்த்தாடை இன்னொரு வில். இரண்டும் பின்னால் ஒரு மூட்டில் சேர்கின்றன. அந்த மூட்டை மண்டையோட்டிலிருந்து தொங்கவிட்டுப் பிடிக்க மூன்றாவதாக ஒரு தண்டு உண்டு. கருவில் இவை எல்லாம் செவுள் வளைவுகளின் வரிசையிலேயே முளைக்கின்றன. பெரிய திமிங்கலச் சுறாவின் வாய் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். அதைத் திறந்து மூடுவது இந்த மூட்டுதான்.

அணிலின் தாடையைப் பார்த்தால் இந்த மூட்டைக் காணோம். அதன் கீழ்த்தாடை ஒரே எலும்பு, அது மண்டையோட்டில் நேரடியாக, வேறொரு புது இடத்தில் பொருந்துகிறது. பழைய மூட்டின் எலும்புகள் எங்கே போயின?

1837-ல் கார்ல் ரைஹர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் பன்றிக் கருக்களை ஒவ்வொரு கட்டமாக அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவின் கீழ்த்தாடையில் முதலில் ஒரு குருத்தெலும்புக் குச்சி தோன்றுகிறது, சுறாவின் கீழ்த்தாடை போலவே. அதன் முன்பகுதியைச் சுற்றிப் புதுத்தாடை எலும்பு உருவாகிறது. பின்நுனியோ தாடையை விட்டுக் கழன்று, சுருங்கி, காதுக்குள் போய்விடுகிறது. அங்கே அதன் பெயர் சுத்தி எலும்பு. மேல்தாடை வில்லின் பின்நுனி பட்டடை எலும்பு. மூட்டைத் தாங்கிய தண்டு அங்கவடி எலும்பு. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த நடுச்செவியின் மூன்று எலும்புகள்! செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகிற அந்தப் பொடி எலும்புகள், சுறா வாயைத் திறந்து மூடுகிற மூட்டின் உறுப்புகள்தான்.

பாலூட்டிகளாக மாறிக்கொண்டிருந்த பழைய விலங்குகளின் புதைபடிவங்களில் இந்த மாற்றத்தை நடுவழியிலேயே பிடித்துவிட்டார்கள். சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த மூஞ்சூறு அளவு மார்கனுகோடானுக்குப் பழைய மூட்டு, புது மூட்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புது வீடு கட்டி முடிக்கும்வரை பழைய வீட்டில் குடியிருந்தது போல. பழைய மூட்டுக்கு வேலை குறையக் குறைய, அதன் எலும்புகள் கேட்கும் வேலையில் முழுநேரமாகச் சேர்ந்துகொண்டன.

இங்கே நான் ஒன்றை ஒளிக்கக் கூடாது. மத்தியும் இன்னும் பழைய மூட்டால்தான் வாயைத் திறக்கிறது. இந்த விஷயத்தில் அது சுறாவின் கட்சி. அப்படியானால் மத்தியும் சுறாவும் நெருங்கிய சொந்தம் என்று அந்த வகுப்பு சொன்னது சரியாகிவிடாதா? ஆகாது. பாட்டியின் காசுமாலையை ஒரு பேத்தி அப்படியே வைத்திருக்கிறாள். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கையும் இன்னொரு காசுமாலையை அப்படியே வைத்திருக்கிறாள். கூடப்பிறந்தவள் மட்டும் தன் மாலையை அழித்துக் காதுத் தோடு செய்து போட்டுக்கொண்டாள். மாலை ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றுவிட்டவள் உடன்பிறப்பாகிவிடுவாளா? பழைய சொத்தை மாற்றாமல் வைத்திருப்பது உறவின் நெருக்கத்தைக் காட்டாது. பிறகு சேர்ந்து சம்பாதித்த புதுச் சொத்துதான் காட்டும். செவுள், துடுப்பு, பழைய தாடை மூட்டு எல்லாம் பாட்டியின் மாலை. முள் மத்தியின் முன்னோரும் அணிலின் முன்னோரும் சேர்ந்து வாங்கிய சொத்து. சுறாவின் முன்னோர் தொடக்கத்தில் அதில் கொஞ்சம் பங்கு வைத்திருந்து பிறகு கைகழுவியிருந்தாலும், மரபணுக்களின் வரிசை மத்தியையும் அணிலையும்தான் ஒரு வீட்டில் வைக்கிறது.

சாப்பாட்டுக் கணக்கிலும் அணிலுக்கும் சுறாவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆனால் நாம் எதிர்பார்க்கும் திசையில் அல்ல. மெக்ஸிகோவின் யுகட்டான் கடற்கரையில் திமிங்கலச் சுறாக்கள் இரை எடுப்பதை அளந்து 2010-ல் ஒரு கணக்கு வெளியானது. 6.2 மீட்டர் நீளமுள்ள சுறா மணிக்கு 614 கனமீட்டர் நீரை வடிகட்டுகிறது. அதாவது சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஐம்பதை ஒரு மணி நேரத்தில் வாய் வழியே வாங்கிச் செவுள் வழியே விடுகிறது. நாளுக்கு ஏழரை மணி நேரம் இப்படி மேய்ந்தால் கிடைப்பது 20 கிலோ சொச்சம் மிதவை உயிர்கள். கலோரியாகப் பார்த்தால் சுமார் 6,700. மூன்று ஆள் சாப்பாடு! அந்தச் சுறாவின் எடை 2 டன் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு மூன்றரை கலோரிகூட இல்லை.

அணிலுக்கோ கிளைபர் விதிப்படி சும்மா படுத்திருக்கவே நாளுக்கு 12 கலோரி வேண்டும். 1932-ல் மேக்ஸ் கிளைபர் கண்ட விதி இது: உடல் சிறுக்கச் சிறுக்க, கிலோவுக்கு ஆகும் செலவு கூடும். கிலோவுக்குப் போட்டுப் பார்த்தால் அணிலின் செலவு 120 கலோரிக்கு மேல், சுறாவைப் போல 35 மடங்கு. அதுவும் படுத்திருக்கும் கணக்கு. அணில் எப்போது படுத்திருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்வதற்கான விலை இது. கடலின் சூட்டை வாங்கிக்கொள்கிற சுறாவுக்கு அடுப்புச் செலவு மிச்சம். ஒரு லட்சம் அணில் எடையுள்ள சுறாவுக்கு ஒரு லட்சம் அணிலின் தீனி வேண்டியதில்லை. மூவாயிரம் அணிலின் தீனி போதும்.

பிள்ளைப்பேற்றில் நம் ஊகம் இன்னொரு தரம் தவறும். பெரிய உடம்பு என்றால் பிள்ளை குறைவு என்பது யானையையும் திமிங்கலத்தையும் பார்த்து வந்த பழக்கம். 1995-ல் தைவானில் பிடிபட்ட 10.6 மீட்டர் பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன, முழங்கை நீளத்திலிருந்து பலவேறு வளர்ச்சி நிலைகளில். அவற்றில் 29-ஐ எடுத்துப் பிற்பாடு மரபணுச் சோதனை செய்தபோது தகப்பன் ஒருவனே என்று தெரிந்தது. ஒரே இணைசேர்க்கையின் விந்தைச் சேமித்து வைத்துச் சிறுகச் சிறுகப் பயன்படுத்துகிறது போலும். கர்ப்பமான திமிங்கலச் சுறாவை இப்படி விரித்துப் பார்க்கக் கிடைத்தது அந்த ஒரு சந்தர்ப்பம். இந்தியாவில் 2001-லிருந்து இந்தச் சுறாவைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்; அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிய முதல் மீன் இதுதான்.

வயதைச் சுறாவின் முதுகுத் தண்டு வில்லையில் படிக்கிறார்கள். புட்டுக்கு உதிர்க்கும்போது எடுத்துப் போடுகிறோமே, அந்தத் தண்டில் காசு போல் கோத்திருக்கும் வில்லைகள். குறுக்கே அறுத்தால் மரத்தில் போல வளையங்கள் தெரியும். வளையம் ஆண்டுக்கு ஒன்றா, இரண்டா என்று நெடுநாள் சண்டை. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலும் கடலிலும் கார்பன்-14-ஐக் கூட்டிவிட்டன. அந்தக் கூடுதல் எந்த வளையத்தில் பதிந்திருக்கிறது என்று பார்த்து, ஆண்டுக்கு ஒன்றுதான் என்று 2020-ல் முடிவு கட்டினார்கள். பாகிஸ்தானில் பத்திரப்படுத்தியிருந்த 10 மீட்டர் சுறாவின் வில்லையில் ஐம்பது வளையம்.

எங்கள் வீட்டு மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வருஷா வருஷம் அணில் கூடு கட்டுகிறது. தேங்காய் நார், பழைய துணிக் கிழிசல், ஒரு தடவை என் கைலியின் ஓரம். போன மாசியில் எட்டிப் பார்த்தேன். மூன்று குட்டி, விரல் நீளம், மயிரில்லாமல் சிவப்பாக, கண் திறக்காமல், காது மடல் ஒட்டியபடி. தெருவில் மீன்காரம்மா "மத்தி... மத்தி..." என்று கூவிக்கொண்டு போனார். தாய் அணில் முருங்கைக் கிளையில் வாலைத் தூக்கிக்கொண்டு, அசையாமல், அந்தக் குரல் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. குட்டிகளுக்குக் காது திறக்க இன்னும் நாளிருந்தது.